பெரியம்மா படித்த பாடம்

ஊரும் மொழியும்

குப்பம் ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளது. சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஒரு பக்கம் தமிழ்நாடு. இன்னொரு பக்கம் கர்நாடகம். அதனால் இங்கே தெலுங்கு பேசுகிறார்கள். தமிழ் பேசுகிறார்கள். கன்னடமும் பேசுகிறார்கள். சந்தையில் ஒரே ஆள் மூன்று மொழியிலும் தக்காளி விலை சொல்வார். 1997ஆம் ஆண்டில் திராவிடப் பல்கலைக்கழகம் குப்பத்தில்தான் தொடங்கப்பட்டது.

ஆனால் பேருந்துப் பலகை தெலுங்கில் இருக்கிறது. அரசாங்கக் காகிதம் தெலுங்கில் வருகிறது. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள் பலர் பள்ளியில் தெலுங்கு படிக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ் வாயில் வரும். கண்ணுக்குத் தெரியாது.

இந்தப் பாடத்தில் குப்பம் பக்கத்துக் கிராமம் ஒன்று வருகிறது. ஒரு பெரியம்மா வருகிறார். ஊருக்கும் ஆளுக்கும் பெயர் வைக்கவில்லை. இது ஒரு கதை. உங்கள் ஊரிலும் இப்படி ஒரு பெரியம்மா இருக்கலாம். ஆனால் இடையில் வரும் ஆண்டுகளும், பெரியவர்களின் பெயர்களும் உண்மையானவை.

இரவில் வந்த பாட்டு

மார்கழி மாதம். குப்பம் மேட்டு நிலம். ஆகவே குளிர் அதிகம். விடியற்காலையில் பெருமாள் கோயில் பஜனைக் கோஷ்டி தெருவில் பாடிக்கொண்டு போகும். இரவில் இன்னொரு கூட்டம் பாடிக்கொண்டு வரும். கையில் விளக்கு இருக்கும். மூங்கில் பத்தையில் வண்ணக் காகிதம் ஒட்டிய நட்சத்திரம் இருக்கும். டோலக்கும் கஞ்சிராவும் இருக்கும். அவர்கள் கிறிஸ்தவர்கள். இயேசு பிறந்த செய்தியை வீடு வீடாகப் பாடுகிறார்கள். அந்தப் பாட்டுகளுக்குக் கேரல் என்று பெயர்.

பெரியம்மாவும் அந்தக் கூட்டத்தில் வருவார். அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. கேழ்வரகு அறுப்புக்குப் போவார். மல்பெரி இலை பறிக்கப் போவார். அவருக்கு எல்லாப் பாட்டும் மனப்பாடம். ஆனால் போன வருடம் வரை ஓர் எழுத்தும் தெரியாது. ஆலயத்தில் பாட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்திருப்பார். மற்றவர்கள் பக்கம் திருப்பினால் அவரும் திருப்புவார். அவ்வளவுதான்.

போன வருடம் ஊரில் எழுத்தறிவு வகுப்பு தொடங்கியது. பெரியம்மா சேர்ந்தார். பக்கத்து வீட்டுப் பெண்ணும் சேர்ந்தாள். அவள் கிறிஸ்தவப் பெண் அல்ல. இருவரும் ஒரே விளக்கின் கீழ் உட்கார்ந்து தமிழ் எழுத்துப் படித்தார்கள்.

உபதேசியார் கேட்டது

சிறிய ஊர்களில் தினமும் ஜெபம் நடத்துபவர் உபதேசியார். போதகர் ஐயர் பல ஊர்களுக்குப் பொறுப்பாக இருப்பார். அதனால் அவர் எப்போதாவதுதான் வருவார்.

ஒரு நாள் உபதேசியார் பெரியம்மா வீட்டுக்கு வந்தார்.

“வர்ற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு கேரல் ஆராதனை. ஒன்பது பாடம் படிக்கணும். ஏழாவது பாடம் நீங்க படிங்கம்மா” என்றார்.

பெரியம்மா பயந்துவிட்டார்.

“வேணாங்க ஐயா. பாட்டுன்னா பாடுறேன். படிக்கிறது ஆகாது. பெங்களூரிலேருந்து படிச்ச பிள்ளைங்க எல்லாம் ரயிலேறி வருவாங்க. நான் திக்கினா சிரிப்பாங்க.”

“இத்தனை வருஷமா படிச்சவங்களே படிச்சாங்க. ஒன்பது பாடத்தையும் மூணு பேரே மாத்தி மாத்திப் படிச்சாங்க. இந்த ஆராதனை அதுக்காக வந்தது இல்லம்மா” என்றார் உபதேசியார்.

பிறகு அவர் அந்த ஆராதனை வந்த கதையைச் சொன்னார்.

கொட்டகையில் தொடங்கிய ஆராதனை

இங்கிலாந்தில் ட்ரூரோ என்று ஓர் ஊர் இருக்கிறது. 1880ஆம் ஆண்டில் அங்கே பெரிய ஆலயம் கட்டிக்கொண்டிருந்தார்கள். வேலை முடியவில்லை. அதனால் ஒரு மரக் கொட்டகையில் ஆராதனை நடந்தது. கிறிஸ்துமசுக்கு முந்திய இரவில் அங்கே ஒரு புதிய முறையைத் தொடங்கினார்கள். ஒரு பாடம் படிக்க வேண்டும். பிறகு பாட்டுப் பாட வேண்டும். இப்படி ஒன்பது பாடம். அதைத் தொடங்கியவர் பேராயர் எட்வர்டு பென்சன்.

யார் படித்தார்கள் தெரியுமா? முதல் பாடத்தை ஒரு பாடகர் குழுச் சிறுவன் படித்தான். கடைசிப் பாடத்தைத்தான் பேராயர் படித்தார். சின்னவர் முதலில். பெரியவர் கடைசியில்.

1918ஆம் ஆண்டில் முதல் உலகப் போர் முடிந்தது. அந்த ஆண்டு கேம்பிரிட்ஜ் நகரில் கிங்ஸ் கல்லூரி ஆலயத்தில் இந்த முறையை எடுத்துக்கொண்டார்கள். 1928ஆம் ஆண்டில் அது வானொலியில் ஒலித்தது. பிறகு உலகம் முழுவதும் பரவியது. இன்றும் பல ஊர்களில் ஒன்பது பாடங்களை ஒன்பது பேர் படிக்கிறார்கள்.

உபதேசியார் இன்னொரு செய்தியும் சொன்னார். 1706ஆம் ஆண்டில் சீகன்பால்கு என்ற ஜெர்மானியர் தரங்கம்பாடிக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழ் அரிச்சுவடி படிக்கும் சின்னப் பிள்ளைகளோடு அவர் உட்கார்ந்தார். மணலில் விரலால் எழுதிப் பழகினார். 1715ஆம் ஆண்டில் அவர் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சானது.

“வளர்ந்த ஆள் மணல்ல எழுதினதுக்கு அவர் வெட்கப்படல. நீங்க ஏம்மா வெட்கப்படணும்?” என்றார் உபதேசியார்.

பெரியம்மா பதில் சொல்லவில்லை. ஆனால் ‘மாட்டேன்’ என்றும் சொல்லவில்லை.

ஓர் எழுத்து மறித்தது

ஏழாவது பாடம் மேய்ப்பர்களின் கதை. இரவில் வெளியில் தங்கி ஆடு காத்தவர்களுக்கு முதலில் செய்தி வந்தது. அவர்கள் போய்க் குழந்தையைப் பார்த்தார்கள். இதுதான் பாடம். பெரியம்மா சிறு வயதில் ஆடு மேய்த்தவர். அவருக்கு இந்தக் கதை பிடிக்கும். கதையும் தெரியும்.

மாமியார் வைத்திருந்த பழைய வேதாகமத்தை எடுத்தார். விரல் வைத்துப் படித்தார். இரண்டு வரி போனது. பிறகு ஒரு சொல் மறித்தது. அதில் ஓர் எழுத்து புதிதாக இருந்தது. எழுத்தின் மேல் யானைத் தும்பிக்கை போல ஒன்று வளைந்து நின்றது. வகுப்புப் புத்தகத்தில் அப்படி ஓர் எழுத்து இல்லை.

“எனக்கு எழுத்து வரல. நான் ஐயாகிட்ட சொல்லிடறேன்” என்று புத்தகத்தை மூடினார்.

பக்கத்து வீட்டுப் பெண் விடவில்லை. “இருங்க பெரியம்மா. டீச்சரைக் கேப்போம்” என்றாள்.

வகுப்பு நடத்தும் ஆசிரியை பார்த்தார். சிரித்தார்.

“உங்க மேல தப்பு இல்லம்மா. இது பழைய எழுத்து” என்றார்.

பழைய அச்சில் ணை, லை, ளை, னை ஆகிய நான்கு எழுத்துகளுக்கும் தும்பிக்கை உண்டு. ணா, றா, னா போன்ற எழுத்துகளும் வேறு மாதிரி இருக்கும். தந்தை பெரியார் எழுத்துகளை எளிமையாக்க வேண்டும் என்று சொன்னார். தம் பத்திரிகையில் அவ்வாறே அச்சிட்டார். 1978ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு அந்த மாற்றத்தை ஏற்றது. பதின்மூன்று எழுத்துகள் எளிமையாயின. நாம் இன்று படிப்பது அந்த எழுத்து. ஆனால் பழைய புத்தகங்கள் வீட்டில் இருக்கின்றன அல்லவா? அவற்றில் பழைய எழுத்துதான் இருக்கும்.

ஆசிரியை அந்தச் சொல்லைப் பலகையில் புதிய எழுத்தில் எழுதினார்.

முன்னணை

பெரியம்மா எழுத்துக் கூட்டினார். “மு… ன்… ன… ணை. முன்னணை! அட, இது நம்ம பாட்டுல வர்ற சொல்லாச்சே!”

நாற்பது வருடமாக அவர் பாடிய சொல் அது. காதுக்குத் தெரியும். வாய்க்குத் தெரியும். இன்றுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

அன்று முதல் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். பாட்டுப் புத்தகத்தை எடுப்பார். மனப்பாடமான பாட்டின் பக்கத்தை ஆசிரியையிடம் கேட்டுத் திறப்பார். மெதுவாகப் பாடுவார். பாடும் சொல்லின் கீழ் விரலை நகர்த்துவார். வாய் சொல்வதைக் கண் பார்க்கும். ஒரு பாட்டில் வந்த சொல் இன்னொரு பாட்டிலும் வரும். அப்போது விரல் நிற்காமல் போகும்.

பேரன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். அவன் ஐந்தாம் வகுப்பு. தெலுங்கு வழியில் படிக்கிறான். முதல் பாடத்தைத் தெலுங்கில் அவன் படிக்க வேண்டும்.

“அவ்வா, முன்னணைன்னா என்ன?” என்று கேட்டான்.

“மாட்டுக்குத் தீனி வைக்கிற தொட்டிடா. குழந்தையை அதுலதான் படுக்க வெச்சாங்க.”

“என் பேரைத் தமிழ்ல எழுது அவ்வா.”

பெரியம்மா சிலேட்டில் எழுதினார். அவன் அதைப் பார்த்து நான்கு முறை எழுதினான். வீட்டில் அவனுக்கு முதல் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்தது அவன் பாட்டிதான்.

பாட்டுகள் வந்த வழி

ஆலயத்தில் பாடும் பாட்டுகள் பல ஊர்களிலிருந்து வந்தவை. சில மேல்நாட்டு மெட்டில் இருக்கும். சில நம் ராகத்தில், தாளத்தில் இருக்கும். அவற்றுக்குக் கீர்த்தனை என்று பெயர்.

தமிழில் கிறிஸ்தவக் கீர்த்தனைகள் பல எழுதியவர் வேதநாயக சாஸ்திரியார். அவர் 1774 முதல் 1864 வரை வாழ்ந்தவர். தஞ்சாவூர் மன்னர் சரபோஜியும் அவரும் இளமையில் ஒரே ஆசிரியரிடம் படித்தவர்கள். குறவஞ்சி என்பது நம் நாட்டுக் கூத்து வகை. அந்த வகையிலேயே அவர் பெத்லகேம் குறவஞ்சி எழுதினார். 1853ஆம் ஆண்டில் எட்வர்டு வெப் என்ற அமெரிக்கர் இப்படிப்பட்ட கீர்த்தனைகளைத் திரட்டி நூலாக அச்சிட்டார்.

தெலுங்கில் புருஷோத்தம சௌதரி என்ற கவிஞர் இருந்தார். அவர் 1803 முதல் 1890 வரை வாழ்ந்தவர். அவர் பாட்டுகளைத் தெலுங்குச் சபைகள் இன்றும் பாடுகின்றன.

உலகம் முழுவதும் பாடும் அமைதி இரவுப் பாட்டும் ஒரு சிறிய ஊர் ஆலயத்தில்தான் முதலில் ஒலித்தது. ஆஸ்திரியா நாட்டில் ஓபெர்ன்டார்ஃப் என்ற ஊர் அது. ஆண்டு 1818. பாட்டை எழுதியவர் ஜோசப் மோர் என்ற குரு. மெட்டுப் போட்டவர் பிரான்ஸ் குரூபர் என்ற பள்ளி ஆசிரியர். இருவரும் கிதார் வைத்துக்கொண்டு அதைப் பாடினார்கள்.

ஆராதனை நாள்

ஞாயிற்றுக்கிழமை மாலை. ஆலயத்துக்கு ஓட்டுக் கூரை. வாசல் வேப்பமரத்தில் தண்டவாளத் துண்டு தொங்கியது. அதைத் தட்டினால் அதுதான் மணி. உள்ளே பாய் விரித்திருந்தார்கள். பெண்கள் ஒரு பக்கம். ஆண்கள் ஒரு பக்கம். செருப்புகள் வெளியே.

பக்கத்து வீட்டுப் பெண்ணும் வந்தாள். வாசலில் தயங்கி நின்றாள். ஒரு பாட்டி நகர்ந்து இடம் கொடுத்தார். அவள் உட்கார்ந்தாள்.

விளக்கை அணைத்தார்கள். உபதேசியார் ஒரு மெழுகுவத்தி ஏற்றினார். அதிலிருந்து ஒருவர் ஏற்றினார். அவரிடமிருந்து அடுத்தவர் ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் எல்லார் கையிலும் வெளிச்சம்.

பேரன் முதல் பாடத்தைத் தெலுங்கில் படித்தான். பாட்டு. இரண்டாவது பாடம். பாட்டு. ஆறாவது பாடத்தில் குடிமதிப்புக் கதை வந்தது. ரோமப் பேரரசர் அகுஸ்து மக்களைக் கணக்கெடுக்கச் சொன்னார். அவரவர் சொந்த ஊருக்குப் போய்ப் பெயர் எழுத வேண்டும். அதற்காக யோசேப்பும் மரியாளும் பெத்லகேமுக்கு நடந்தார்கள். தங்க இடம் இல்லை. அங்கே குழந்தை பிறந்தது.

“ஏழாவது பாடம்” என்றார் உபதேசியார்.

பெரியம்மா எழுந்தார். முன்னால் போனார். கையில் ஒரு தாள் இருந்தது. ஏழாவது பாடம் முழுவதையும் அவரே புதிய எழுத்தில் பெரிதாக எழுதியிருந்தார். அதற்கு அவருக்கு மூன்று நாள் ஆனது.

படிக்கத் தொடங்கினார். குரல் நடுங்கியது. நான்காவது வரியில் ஒரு வரி தவறியது. சொல் பொருந்தவில்லை. நின்றுவிட்டார். ஆலயம் அமைதியாக இருந்தது. பின்னால் ஓர் இளைஞன் இருமினான்.

பெரியம்மா விரலை மேலே கொண்டுபோனார். விட்ட வரியைக் கண்டுபிடித்தார். மறுபடி படித்தார். ‘மேய்ப்பர்’ வந்தது. ‘மந்தை’ வந்தது. ‘முன்னணை’ வந்தது. அங்கே குரல் நடுங்கவில்லை. கடைசி வரி வரை படித்தார். தாளை மடித்தார். இடத்துக்கு வந்து உட்கார்ந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. உடனே பாட்டு தொடங்கியது. பெரியம்மா பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார். இந்த முறை சரியான பக்கத்தை அவரே திறந்தார்.

ஒன்பதாவது பாடத்தைக் குப்பத்திலிருந்து வந்த ஐயர் படித்தார். ஜெபம் நடந்தது. பிறகு எல்லாருக்கும் கேக்கும் டீயும் கொடுத்தார்கள்.

கல் உடைக்கும் வேலை செய்யும் ஒருவர் பெரியம்மாவிடம் வந்தார். வகுப்புக்கு எத்தனை முறை கூப்பிட்டும் வராதவர் அவர்.

“அக்கா, அந்த வகுப்பு எத்தனை மணிக்கு?” என்று கேட்டார்.

“ஏழு மணிக்கு. சிலேட்டு நான் தர்றேன். நீ வா” என்றார் பெரியம்மா.

விருந்தாளியாகப் போனால்

அண்டை வீட்டார் கேரல் ஆராதனைக்கு அழைத்தால் நீங்கள் போகலாம். தீபாவளிக்கு நாம் பலகாரம் கொடுக்கிறோம். ரம்சானுக்கு நோன்புக் கஞ்சி வருகிறது. கிறிஸ்துமசுக்கு ஆராதனைக்கும் கேக்குக்கும் அழைப்பு வருகிறது. எல்லாம் ஒன்றுதான்.

செருப்பை எங்கே விடுகிறார்கள் என்று பாருங்கள். அங்கே விடுங்கள். எல்லாரும் எழுந்தால் எழுந்திருங்கள். பாட்டு தெரிந்தால் பாடலாம். தெரியாவிட்டால் கேட்கலாம். ஜெப நேரத்தில் அமைதியாக இருந்தால் போதும். காணிக்கைப் பை வரும். போடுவது உங்கள் விருப்பம். மெழுகுவத்தியைச் சேலைத் தலைப்புக்கும் முடிக்கும் தள்ளிப் பிடியுங்கள். குழந்தை கையில் எரியும் மெழுகுவத்தி கொடுக்காதீர்கள்.

நீங்களும் செய்யுங்கள்

கற்ற எழுத்து பழகாவிட்டால் மறக்கும். தினமும் கால் மணி நேரம் போதும். பெரியம்மா செய்தது போல் செய்யுங்கள்.

1. உங்களுக்கு மனப்பாடமான பாட்டு ஒன்றை எடுங்கள். பஜனைப் பாட்டு, தாலாட்டு, சினிமாப் பாட்டு எதுவும் ஆகலாம்.

2. அது அச்சான புத்தகத்தைத் தேடுங்கள். இல்லாவிட்டால் எழுதத் தெரிந்தவரிடம் சொல்லி எழுதி வாங்குங்கள்.

3. மெதுவாகப் பாடுங்கள். பாடும் சொல்லின் கீழ் விரல் வையுங்கள்.

4. தெரியாத எழுத்து வந்தால் நிறுத்துங்கள். கேளுங்கள். பழைய எழுத்தாக இருக்கலாம்.

5. பிறகு பாட்டைப் பார்த்து எழுதுங்கள். கடைசியில் வீட்டில் ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

சொல்லும் பொருளும்

ஆராதனை – கூடி இறைவனை வழிபடுதல்
உபதேசியார் – கிராமச் சபையை நடத்துபவர்
மேய்ப்பர் – ஆடு மாடு மேய்ப்பவர்
மந்தை – ஆட்டுக் கூட்டம்
முன்னணை – மாட்டுக்குத் தீனி வைக்கும் தொட்டி
குடிமதிப்பு – மக்கள் கணக்கெடுப்பு

படித்துப் பதில் சொல்லுங்கள்

1. பெரியம்மா முதலில் ஏன் படிக்க மறுத்தார்?
2. ட்ரூரோவில் முதல் பாடத்தைப் படித்தவர் யார்? கடைசிப் பாடத்தைப் படித்தவர் யார்?
3. 1978ஆம் ஆண்டில் எத்தனை எழுத்துகள் எளிமையாயின?
4. வரி தவறியபோது பெரியம்மா என்ன செய்தார்?

சரியான எழுத்தைப் போட்டு எழுதுங்கள்

1. முன்ன___ (னை, ணை)
2. ஆராத___ (னை, ணை)
3. மே___ப்பர் (ய், ர்)

பேசிப் பாருங்கள்

உங்கள் வீட்டில் எத்தனை மொழி பேசுகிறீர்கள்? எந்த மொழியில் படிக்கத் தெரியும்? உங்கள் பிள்ளைக்கு நீங்கள் எந்த எழுத்தைச் சொல்லிக்கொடுக்க முடியும்? இன்று அவன் பெயரை அல்லது அவள் பெயரை எழுதிக் காட்டுங்கள்.